சர்க்கார் வகுப்பும் சாவுக் கணக்கும்

(குந்தாரப்பள்ளிக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



மோட்டார் ஓட்டுகின்றவர்களுக்குச் சர்க்கார் நடத்தும் திருத்த வகுப்புகளைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். "இதில் பேச என்ன இருக்கிறது? வகுப்பு நடத்துவது நல்லதுதானே?" என்று வழியில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல எண்ணத்தில் செய்வதா என்பதல்ல நமது கேள்வி. அதனால் சாவு குறைகின்றதா என்பதே கேள்வி.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே போகும் இந்தப் பெரிய ரோட்டைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு மாடு ஓட்டி வருகிறவர், கம்பெனி பஸ்ஸுக்கு இருட்டோடு வந்து நிற்கும் பெண், பெங்களூருக்குச் சரக்கேற்றி இரவெல்லாம் விழித்து வரும் லாரிக்காரர் எல்லோருக்கும் இது ஒன்றுதான் ரோடு. எவராவது அடிபட்டுச் செத்தால் "விதி" என்று சொல்லிவிட்டுப் போகின்றோம். புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோம். ஆயுதபூசையன்று நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்து, பின்னால் வருகிறவன் வழுக்கி விழவும் வழி செய்து கொடுக்கின்றோம். எலுமிச்சம்பழம் நசுக்கிய வண்டிகளில் எத்தனை கவிழ்ந்தன, நசுக்காத வண்டிகளில் எத்தனை கவிழ்ந்தன என்று எவராவது கணக்கெடுத்ததுண்டா? கணக்கெடுக்காத வரையில்தான் அந்தப் பழத்திற்கு மகிமை. சர்க்கார் திட்டத்தையும் கணக்கெடுக்காமல் நம்புவோமானால் அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கோயமுத்தூர் எலும்பு வைத்தியர் டாக்டர் இராஜசேகரன் அவர்கள், ரோட்டில் நசுங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சகியாமல் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அதன் பலனாக 2014-ல் ஏற்பட்ட கமிட்டி, குடித்து ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது முதலிய குற்றங்களுக்கு லைசென்சை மூன்று மாதமாவது நிறுத்தி வைக்கும்படி 2015-ல் எல்லா மாகாணங்களுக்கும் சொல்லிற்று. 2019-ல் திருத்தப்பட்ட சட்டமோ, பறிமுதலான லைசென்சு திரும்ப வேண்டுமானால் மறுபயிற்சி வகுப்பை முடித்து வா என்கின்றது. மூன்று மாதம் லைசென்சு இல்லாவிட்டால் ஒரு லாரிக்காரர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்பது அவர் பெண்சாதிக்குத்தான் தெரியும். அவ்வளவு பெரிய விலையை ஏழையிடம் வாங்குகிறபோது, அதற்குப் பலன் உண்டென்று காட்டும் பொறுப்பு சர்க்காருக்கு உண்டா இல்லையா?

அவர்கள் காட்டுவதென்ன? இத்தனை வகுப்பு நடந்தது, இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை சர்டிபிகேட் கொடுக்கப்பட்டது என்பதுதான். இது சமைத்த சோற்றின் கணக்கே ஒழிய, பசி தீர்ந்த கணக்கு அல்ல.

அமெரிக்காவில் இந்த வகுப்புகள் வெகு காலமாக நடக்கின்றன. கலிபோர்னியா மாகாணத்தில், பிடிபட்டவர் வகுப்புக்குப் போனால் குற்றத்தையே தள்ளிவிடும் வழக்கம் இருந்தது. அந்த மோட்டார் இலாகாவே ஆராய்ந்தபோது, வகுப்புக்குப் போய்த் தப்பித்தவர்கள், தண்டனை பெற்றவர்களைவிடப் பின்னால் அதிக விபத்துச் செய்ததாகத் தெரிய வந்தது! 2011-ல் அந்த வழக்கத்தை மாற்றினார்கள். உலகில் நடந்த 24 பரிசோதனைகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுநர்களின் கணக்கோடு, சேர்த்துப் பார்த்த அறிஞர்களும் லைசென்சு பெற்றவர்களுக்கு நடத்தும் வகுப்பால் விபத்துக் குறைந்ததற்கு ருசு இல்லை என்றே சொன்னார்கள்.

நம் நாட்டுச் சங்கதி இதைவிட விசேஷமானது. 2016-ல் தமிழ்நாட்டு ரோடுகளில் செத்தவர்கள் 17,218 பேர். 2018-ல் 12,216 என்றும், 2019-ல் 10,525 என்றும், 2020-ல் 8,059 என்றும் கணக்கு வந்தது. மத்திய மந்திரி நிதின் கட்கரி அவர்கள் நம் மாகாணத்தை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நாமும்தான். பிறகு கணக்குத் திருத்தப்பட்டது. மத்திய சர்க்காரின் பிந்திய அறிக்கைகளில் அந்த மூன்று வருஷங்களுக்கும் உள்ள எண்கள் 18,394, 18,129, 14,527. மூன்று வருஷத்தில் 20,250 பிணங்கள் வித்தியாசம்! செத்தவர்கள் ரோட்டில் செத்தார்கள்; காகிதத்தில் மாத்திரம் பிழைத்திருந்தார்கள். எந்தத் திட்டத்தால் சாவு குறைந்ததென்று மாலை போட்டோமோ, அந்தத் திட்டத்தைப் பற்றி இப்போது என்ன சொல்வது? 2023-ல் செத்தவர்கள் 18,347 பேர்.

"அப்படியானால் வகுப்பே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். அப்படியல்ல. சோதித்துப் பார்த்து நடத்துங்கள் என்கின்றோம். சோதிப்பது முடியாத காரியமுமல்ல. ராஜஸ்தானத்தில் 2010, 2011-ல் போலீசார் குடித்து ஓட்டுகிறவர்களைப் பிடிக்க, எந்தெந்த ஸ்டேஷன் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள். ஒரே இடத்தில் நின்று பிடித்ததில் பலன் இல்லை. இடம் மாற்றி மாற்றி நின்ற ஸ்டேஷன்களில் இரவு விபத்து 17 சதவிகிதமும் இரவுச் சாவு 25 சதவிகிதமும் குறைந்தன. அதே போலீசார், அதே சட்டம்.

மேலும் வகுப்பு என்பது குற்றமெல்லாம் ஓட்டுகிறவன் தலையில்தான் என்று வைத்துக்கொண்டு நடப்பது. தூங்காதே என்று அவனுக்குப் பாடம் சொல்லுகிறார்கள். விடிவதற்குள் சரக்கு வந்தாக வேண்டும் என்கிற முதலாளிக்கு எந்த வகுப்பு? சந்தை நாளில் ஜனங்கள் ரோட்டைத் தாண்டுவதற்கு வழி வைக்காத இஞ்சினீயருக்கு எந்த சர்டிபிகேட்?

ஆகவே 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு தயார் செய்திருக்கின்றோம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வரவேண்டும். கேட்பது மூன்றுதான். இந்த ஜில்லாவில் மறுபயிற்சிக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒரு வருஷத்திற்குள் மறுபடி பிடிபட்டவர்களும் விபத்துச் செய்தவர்களும் எத்தனை பேர்? இந்தக் கணக்கை வைத்திருக்கிறீர்களா? மனு இந்த மேசைமேல் இருக்கின்றது. படித்துப் பார்த்து, சரி என்று பட்டவர்கள் மாத்திரம் கையெழுத்துப் போடுங்கள். சரியில்லை என்று பட்டவர்கள், எது சரியில்லை என்று நம்மிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.