கோரிடோராஸ்: ‘கிளீனர் மீன்’னு கேட்டு வாங்காதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு நான் பேசறது காளப்பநாயக்கன்பட்டில இருந்து. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம் வழியா கொல்லிமலை போறப்ப, மலை ஏறத் தொடங்கறதுக்கு முன்னாடி வர்ற ஊரு இது. இதைத் தாண்டினா காரவள்ளி, அதுக்கப்புறம் அந்த 70 கொண்டை ஊசி வளைவு. மேல போனா ஜில்லுனு இருக்கும். கீழ எங்களுக்கு ஏப்ரல்ல ஃபேன் காத்தே சூடாத்தான் வரும். இந்த வெயில்லதான், நான் வேலை பாக்கற டேபிளுக்குப் பக்கத்துல ரெண்டடித் தொட்டில ஒரு தென் அமெரிக்க மீன் இருக்கு. அதுதான் இன்னிக்கு டாபிக்: கோரிடோராஸ். சுருக்கமா கோரி.

ஒரே ஒரு விஷயத்தை இந்த எபிசோட் முடியறப்ப நீங்க ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும். இது கிளீனர் இல்ல. இது ஒரு மழைக்கால மீன். இந்த ரெண்டு வரி புரிஞ்சா, சாப்பாடு, மணல், வெயில், முட்டை எல்லாம் தானா புரிஞ்சிரும்.

கிளீனர்ங்கற பேரு

எந்த மீன் கடைக்கு வேணா போங்க. கோல்டு ஃபிஷ், கப்பி எல்லாம் எடுத்து முடிச்சதும், “கீழ சுத்தம் பண்ண ரெண்டு கோரி போட்டுக்கங்க”ன்னு சொல்லுவாங்க. நாமளும் போட்டுட்டு வந்துருவோம். அப்புறம் என்ன நடக்குது? மேல போடற சாப்பாட்டை மேல இருக்கற மீனுங்க காலி பண்ணிரும். கீழ ரெண்டு கோரி நாள் முழுக்க மூக்கால தரையைத் துழாவிட்டே இருக்கும். “பாருங்க, எப்படி சுத்தம் பண்ணுது”ன்னு நாம ரசிப்போம். அது பசியில சாப்பாடு தேடிட்டு இருக்கும்.

கோரி மத்த மீனோட கழிவைச் சாப்பிடாது. கண்ணாடில படியற பாசியும் அதோட சாப்பாடு கிடையாது. காட்டுல அது சாப்பிடறது சின்னப் புழு, பூச்சியோட லார்வா, குட்டி ஓட்டுயிர்கள். நம்ம தொட்டில வந்து அது பண்றது ஒண்ணே ஒண்ணுதான்: கீழ விழுந்த சாப்பாட்டை எடுத்துக்கும். அதுவும் மிச்சம் இருந்தா மட்டும்.

இன்னொண்ணு, அது கூட்டமா வாழற மீன். ஒண்ணு ரெண்டுன்னு விட்டா மூலையில ஒளிஞ்சுக்கும். ஒரே வகையில குறைஞ்சது ஆறு வேணும். ஆறுக்கு ரெண்டடி நீளத் தொட்டி, ஏறக்குறைய 60 லிட்டர். உயரத்தை விடத் தரைப் பரப்பு முக்கியம், ஏன்னா அது வாழற இடமே தரைதான்.

எந்த வகைன்னு கேட்டீங்கன்னா, ஆரம்பிக்கறவங்களுக்கு பிரான்ஸ் கோரி, அதாவது ஏனியஸ். அல்பினோன்னு வெள்ளையா சிவப்புக் கண்ணோட விக்கறதும் பெரும்பாலும் இதே இனம்தான். 2024-ல வந்த ஒரு பெரிய வகைப்பாட்டு ஆய்வு கோரிடோராஸைப் பல பேரினங்களா பிரிச்சிருச்சு. அதனால ஏனியஸ் இப்ப ஆஸ்டியோகாஸ்டர்ங்கற பேருக்கு மாறிடுச்சு. கடையில அதெல்லாம் சொன்னா முழிப்பாங்க, கோரின்னே கேளுங்க. பாண்டா கோரி பாக்க அழகுதான், ஆனா அது குளிர்ந்த தண்ணி கேக்கும். எங்க ஊர் மாதிரி இடத்துல ஏசி இல்லாம வேண்டாம்.

அயிரையைப் பாருங்க

கோரிக்கு என்ன தரை வேணும்னு புரியணும்னா, நம்ம அயிரை மீனைப் பாருங்க. அயிரைக் குழம்பு வைக்கறவங்க, மீனை உயிரோட பால்ல விடுவாங்க. எதுக்கு? அது உள்ள இருக்கற மண்ணைக் கக்கறதுக்கு. அயிரை மணலை வாயில எடுத்து, சாப்பாட்டை வெச்சுக்கிட்டு, மணலை வெளிய விட்டு வாழற மீன். கோரியும் அதே வேலைதான் பண்ணுது. மூக்கைக் கண்ணு வரைக்கும் மணல்ல புதைச்சு, வாயில எடுத்து, செவுள் வழியா மணலை வெளிய தள்ளும்.

இப்ப அந்த மீனைக் கலர் கல்லு போட்ட தொட்டில விட்டா எப்படி இருக்கும்? அதோட மீசைதான் அதுக்கு நாக்கு, விரல் எல்லாமே. சொரசொரப்பான கல்லு, அதுக்கு நடுவுல அழுகற சாப்பாடு, ரெண்டும் சேந்தா மீசை புண்ணாகித் தேய்ஞ்சிரும். மீசை இல்லாத கோரி சாப்பாடு தேடத் திணறும்.

அதனால மென்மையான மணல், ஒரு இஞ்ச் போதும். நம்ம ஊர்ல ஒரு எச்சரிக்கை: எம் சாண்ட் வேண்டாம். அது பாறையை உடைச்சுத் தயாரிக்கறது, ஓரமெல்லாம் கூரா இருக்கும். ஆத்து மணல் உருண்டு உருண்டு வந்ததால மழமழன்னு இருக்கும். வீடு கட்டினப்ப மிச்சமான பழைய ஆத்து மணல் கொஞ்சம் இருந்தா, சலிச்சு, தண்ணி தெளியற வரைக்கும் கழுவிப் போடலாம். ஒரு ஸ்பூன் மணல்ல வினிகர் ஊத்திப் பாருங்க. நுரைச்சா அதுல சுண்ணாம்பு இருக்கு, தண்ணியோட கடினத்தன்மையை ஏத்தும். விட்டுருங்க. இல்லன்னா நீச்சல்குளம் ஃபில்டர்ல போடற சிலிக்கா மணல் கிடைக்கும்.

மீனை இடம் மாத்தறப்ப வலையில அள்ளாதீங்க. கெளுத்தி முள்ளு குத்தினவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், இதுவும் அந்தச் சொந்தம்தான். பயந்தா முதுகுத் துடுப்பு, பக்கத் துடுப்போட முள்ளை விரைச்சு லாக் பண்ணிக்கும். வலையில மாட்டினா எடுக்கறதுக்குள்ள துடுப்பு கிழியும். ஒரு டப்பால தண்ணியோட மொண்டு எடுங்க.

சாப்பாடு

மூழ்கற பெல்லட் அல்லது மாத்திரை. அதுவும் லைட்டை அணைச்ச பிறகு. மேல இருக்கற மீன் அடங்கின நேரம்தான் கோரிக்கு நல்ல நேரம். காலைல எழுந்து பாருங்க, மிச்சம் கிடந்தா மறுநாள் அளவைக் குறைங்க.

வாரத்துல ரெண்டு மூணு நாள் ஃப்ரோசன் பிளட் வார்ம், ஆர்ட்டீமியா மாதிரி ஏதாவது. உயிரோட விக்கற டியூபிஃபெக்ஸ் புழுவை கோரி உயிரை விட்டு சாப்பிடும், ஆனா அது எங்க இருந்து வருதுன்னு யோசிங்க. சாக்கடைத் தண்ணில வளர்றது, நோயையும் சேத்துக் கொண்டு வரும். கொசுப்புழு நல்ல சாப்பாடுதான். ஆனா அதுக்காக மாடில பக்கெட்ல தண்ணி வெச்சு வளர்க்காதீங்க. ரெண்டு நாள் அள்ள மறந்தா தெருவுக்கே டெங்கு கொசுவை வளர்த்துக் குடுத்த மாதிரி ஆகிரும்.

வெயில்தான் உண்மையான எதிரி

வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் ஹீட்டர் வாங்கச் சொல்லுவாங்க. நம்ம பிரச்சினை தலைகீழ். கோரிக்கு வசதியான தண்ணி 22-ல இருந்து 26 டிகிரி. மே மாசம் கான்கிரீட் கூரைக்குக் கீழ தொட்டித் தண்ணி 31, 32-க்கு வந்துரும்.

சூடுன்னா வெறும் சூடு இல்ல. 22 டிகிரில ஒரு லிட்டர் தண்ணி ஏறக்குறைய 8.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிச்சு வெச்சுக்கும். 32 டிகிரில அது 7.3 தான். அதே சமயம் சூட்டுல மீனோட உடம்பு வேகமா ஓடும், ஆக்சிஜன் அதிகமாக் கேக்கும். வரவு குறையுது, செலவு ஏறுது.

கோரிகிட்ட இதுக்கு ஒரு பேக்கப் இருக்கு. சர்ருனு மேல போய் ஒரு வாய் காத்தை முழுங்கிட்டு வரும். அந்தக் காத்துல இருக்கற ஆக்சிஜனைக் குடலோட பின்பகுதி உறிஞ்சிக்கும். அதனால தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல கட்டாயம் இடைவெளி விடுங்க. அப்பப்ப மேல போனா சகஜம். எல்லாம் சேந்து நிமிஷத்துக்கு நிமிஷம் மேல போனா அது நமக்கு வர்ற அலர்ட். தண்ணில ஆக்சிஜன் இல்ல, இல்லன்னா அமோனியா ஏறியிருக்கு. உடனே கொஞ்சம் தண்ணி மாத்தி, காத்து பம்பைக் கூட்டுங்க.

வெயிலுக்குச் சுலபமான வழி பானைதான். பானைத் தண்ணி ஏன் ஜில்லுனு இருக்கு? ஆவியாகறப்ப சூட்டை எடுத்துட்டுப் போகுது. அதே டெக்னிக்: கண்ணாடி மூடியை எடுத்துட்டு வலை போடுங்க, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணி மேல படற மாதிரி வைங்க. ரெண்டு மூணு டிகிரி இறங்கும். தண்ணி வேகமாக் குறையும், அதை ஆர்.ஓ. தண்ணியால நிரப்புங்க. போர் தண்ணியையே ஊத்திட்டு இருந்தா உப்பு ஏறிக்கிட்டே போகும். தொட்டியைக் கீழ் வீட்டுல, மேற்குச் சுவர் படாத இடத்துல வைங்க. கரண்ட் போனா ஓடற பேட்டரி காத்து பம்ப் ஒண்ணு கட்டாயம். ஐஸ் கட்டியை மட்டும் அப்படியே கொட்டாதீங்க, திடீர்னு இறங்கறதும் மீனுக்கு அடிதான்.

மழை வந்தா முட்டை

இப்ப நீங்க காத்திருந்த பகுதி. கோரி எப்ப முட்டை போடும்? தென் அமெரிக்காவுல மழைக்காலம் தொடங்கறப்ப ஆத்துல குளிர்ந்த, உப்பு குறைஞ்ச புதுத் தண்ணி வரும், சாப்பாடும் பெருகும். குஞ்சு பிழைக்க அதுதான் நல்ல நேரம்னு மீனோட உடம்புக்குத் தெரியும். நாம அந்த மழையைத் தொட்டிக்குள்ள கொண்டு வரணும், அவ்வளவுதான்.

இது ஒண்ணும் லேப் விஷயம் இல்ல. பெப்பர்ட் கோரின்னு ஒண்ணு இருக்கு. டார்வின் பீகிள் கப்பல் பயணத்துல சேகரிச்ச மீனை வெச்சு 1842-ல ஜெனின்ஸ் அதுக்குப் பேரு வெச்சார். 1878-லயே பாரிஸ்ல கார்போனியேங்கறவர் அதை இனப்பெருக்கம் பண்ணிட்டார். இன்னிக்கு நம்மகிட்ட இருக்கற பம்ப், ஹீட்டர் எதுவும் இல்லாத காலம் அது.

முதல்ல ஆண், பெண். மேல இருந்து பாருங்க. அகலமா, உருண்டையா, பெருசா இருந்தா பெண். ஒல்லியா இருந்தா ஆண். ஒரு பெண்ணுக்கு ரெண்டு ஆண் நல்ல கணக்கு. ரெண்டு மூணு வாரம் புழு, ஆர்ட்டீமியான்னு நல்லாச் சாப்பாடு போடுங்க. பெண்ணோட வயிறு உருண்டு வந்ததும், சாயங்காலம் தொட்டில மூணுல ஒரு பங்கு தண்ணியை எடுத்துட்டு, மூணு நாலு டிகிரி குளிர்ந்த மென்மையான தண்ணியை மெதுவா விடுங்க. ஒரு தடவைல நடக்கலன்னா அடுத்தடுத்த நாள் திரும்பப் பண்ணுங்க.

மென்மையான தண்ணிக்கு நமக்கு நிஜ மழையே இருக்கு. தமிழ்நாட்டுல 2003-ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினாங்க, நிறைய வீட்டுல குழாய் இன்னும் இருக்கு. முதல் மழையை விட்டுருங்க, மாடித் தூசி எல்லாம் அதுல வரும். அதுக்கப்புறம் மாடி கழுவின மாதிரி ஆனதும் பிடிச்சு, போர் தண்ணியோட கலந்து பயன்படுத்துங்க. வெறும் மழைத்தண்ணி மட்டும் வேண்டாம், தாது உப்பே இல்லாம பிஹெச் ஆட ஆரம்பிச்சிரும். அக்டோபர், நவம்பர்ல வெளிய மழை பெய்யறப்ப முயற்சி பண்ணா பாதி வேலையை வானமே பாத்துக்கும்.

இனச்சேர்க்கை பாக்கறதுக்கே விசித்திரமா இருக்கும். ஆண் குறுக்க நிக்கும், பெண் அதோட அடிவயித்துல வாயை வெச்சு ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி ரெண்டும் நிக்கும். 1995-ல ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஏனியஸ்ல இதைச் சோதிச்சாங்க. பெண் விந்தை வாயால குடிக்குது, அது குடல் வழியா சில விநாடியிலயே வெளிய வந்து, துடுப்புப் பையில பிடிச்சு வெச்சிருக்கற முட்டைமேல படுது. அப்புறம் பெண் போய்க் கண்ணாடியில, இலையில முட்டையை ஒட்டிட்டு வரும். ஒரு தடவைக்குச் சில முட்டைதான். பல தடவை பண்ணி, மொத்தம் நூத்துக்கு மேலயும் போகலாம்.

குஞ்சு

வேலை முடிஞ்ச அடுத்த நிமிஷம் பெத்தவங்களே முட்டையைத் திங்க ஆரம்பிப்பாங்க. அதனால ஒரு மணி நேரம் விட்டு, முட்டை கெட்டியானதும், விரலால உருட்டி எடுத்துத் தனி டப்பால போடுங்க. அதே தொட்டித் தண்ணி, மெதுவா ஒரு காத்துக் கல்லு. தெருவுல பெரிய இலையோட நிக்குதே பாதாம் மரம், அதுல இருந்து காஞ்சு விழுந்த இலை ஒண்ணு கழுவிப் போட்டா பூஞ்சை குறையும். வெள்ளையாப் பஞ்சு பிடிச்ச முட்டையை அன்னன்னிக்கு எடுத்துருங்க, இல்லன்னா பக்கத்து முட்டைக்கும் பரவும்.

மூணுல இருந்து அஞ்சு நாள்ல பொரிக்கும். முதல் ரெண்டு நாள் வயித்துல இருக்கற மஞ்சள் கருவே போதும். அப்புறம் மைக்ரோ வார்ம், அன்னிக்குப் பொரிச்ச ஆர்ட்டீமியா. கொஞ்சமா, நாளைக்கு மூணு நாலு வேளை. குஞ்சு சாகறது பெரும்பாலும் பசியில இல்ல, கீழ அழுகற மிச்சச் சாப்பாட்டுலதான். தினமும் அடியை உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் தண்ணி மாத்துங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்க, மத்தது குஞ்சை இழுத்துரும்.

மிச்சம் ஆச்சுன்னா

அம்பது குஞ்சு தேறிடுச்சு, இடம் இல்ல. நண்பர்களுக்குக் குடுங்க, கடையில குடுங்க. ஏரிலயோ, கிணத்துலயோ, ஆத்துலயோ மட்டும் விடாதீங்க. இதே ‘கிளீனர்’ங்கற பேருல வித்த சக்கர் மீன், பெருசானதும் மக்கள் கொண்டு போய் விட்டதால, இன்னிக்குத் தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல பரவி மீனவர்களோட வலையைக் கிழிச்சிட்டு இருக்கு. வாங்கறப்ப அது எவ்வளவு பெருசாகும்னு யாரும் சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல. நம்ம அயிரையும் கெளுத்தியும் வாழற தண்ணி அது.

அடுத்த தடவை கடையில “கீழ சுத்தம் பண்ண ரெண்டு போடட்டுமா”ன்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லுங்க. மணல் ரெடி, மூழ்கற சாப்பாடு ரெடி, மே மாசத்துக்கு ஃபேன் ரெடின்னா, ஆறு கேளுங்க. சுத்தம் பண்றது நம்ம வேலை. வாரம் ஒரு தடவை, ஒரு பக்கெட், ஒரு டியூப், அரை மணி நேரம்.

உங்க ஊர்த் தண்ணி எப்படி, தொட்டி மே மாசம் எத்தனை டிகிரி போகுதுன்னு அளந்து எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.