அயல்நாட்டில் ஒரு வங்கிக் கணக்கு



மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குச் செல்லவிருக்கும் இளைஞன் ஒருவனுடைய வீட்டில், புறப்படும் நாள் நெருங்க நெருங்க எத்தனை ஆலோசனைகள் நடைபெறுகின்றன! கம்பளி உடை எத்தனை வேண்டும், பெட்டி எத்தனை கிலோ இருக்கலாம், பருப்புப் பொடி எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பனவெல்லாம் ஆராயப்படுகின்றன. ஆனால், நிலத்தையோ நகையையோ ஈடு வைத்துத் திரட்டிய பணம் அந்த நாட்டில் எந்தக் கணக்கில் போய்ச் சேரும், அதிலிருந்து எவ்வாறு வெளியே வரும் என்ற கேள்வி எழும்போது மட்டும், "எதிர்வீட்டுப் பையன் போட்ட இடத்திலேயே நாமும் போடுவோம்" என்று ஒரே மூச்சில் முடித்து விடுகிறோம். இன்று அந்தக் கேள்வியைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஜெர்மனியை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உதவித்தொகை பெறாத, பொறுப்பேற்க அங்கே ஒருவரும் இல்லாத மாணவன், இங்கிருந்தபடியே, அந்நாட்டில் குடியிராத ஒருவனாகவே, அங்கே ஒரு கணக்கைத் தொடங்க வேண்டியவனாகிறான். தன் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் விசா கிடைக்கும். அவ்வாறு காட்டுவதற்குப் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி 'ஷ்பெர்கோன்டோ' என்னும் முடக்கப்பட்ட கணக்கு. 2024 செப்டம்பரில் வகுக்கப்பட்ட அளவின்படி ஓராண்டுக்கு 11,904 யூரோவை அதில் மொத்தமாகக் கட்ட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம் அது திரும்பி வரும். பன்னிரண்டு மாதத்துக்கும் பெருக்கிப் பாருங்கள். கணக்குச் சரியாக இருக்கும்.

இந்தக் கணக்கைத் தொடங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் பல. அவற்றுள் எல்லாம் வங்கிகள் அல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் இடையில் நின்று விண்ணப்பத்தை வாங்குகின்றன. பணமோ வேறொரு வங்கியில் தங்குகிறது. ஆகவே, 'என் பணம் எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கும்?' என்று எழுத்து மூலம் கேட்டு விடை பெறுவது நல்லது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ஒரு வங்கி நொடித்துப் போனால், அங்கே பணம் வைத்தவர் ஒவ்வொருவருக்கும் 1,00,000 யூரோ வரையில் காப்பு உண்டு. அக்காப்பு நம் பணத்துக்கும் பொருந்துகிறதா என்பது அந்த விடையைப் பொறுத்தது. விசா மறுக்கப்பட்டால் பணம் எத்தனை நாளில், எந்தச் சான்றைக் காட்டினால் திரும்பும் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கணக்கைத் தொடங்குமுன் இதைக் கேட்கக் கூச்சப்படுவோர் உளர். மணப்பேச்சிலேயே மணவிலக்கைப் பற்றிப் பேசுவது போன்றது என்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும்! வங்கியோ அவ்வாறு எண்ணுவதில்லை. அதன் நிபந்தனைத் தாளில் கணக்கை முடிக்கும் விதியும் எப்போதும் அச்சிடப்பட்டே இருக்கிறது.

இன்னொரு சங்கடம் உண்டு. 11,904 யூரோ வேண்டும் என்றால் துல்லியமாக 11,904 யூரோவையே நம் ஊர் வங்கியிலிருந்து அனுப்புகிறார்கள். வழியில் உள்ள வங்கிகள் தத்தம் கட்டணத்தைக் கழித்துக்கொள்ள, போய்ச் சேரும் தொகை பத்திருபது யூரோ குறைந்து நிற்கிறது. தொகை நிறையாதபடியால் சான்றிதழ் வருவதில்லை. விசா நேர்காணலுக்கு நாள் நெருங்குகிறது. அச்சிறு பற்றாக்குறையை அனுப்ப மறுபடியும் ஒரு கட்டணம். அனுப்பும் படிவத்தில் 'எல்லாக் கட்டணமும் அனுப்புநரைச் சாரும்' என்பதைத் தேர்ந்து, நிறுவனத்தின் மாதக் கட்டணத்தையும் ஒரு சிறு தொகையையும் கூட்டி அனுப்பினால் இந்த அல்லல் பெரும்பாலும் இல்லை.

இனி அந்த நாட்டில் இறங்கிய பிறகு நேர்வதைப் பார்ப்போம். முடக்கப்பட்ட கணக்கு அன்றாடச் செலவுக்கு உரியது அன்று. மாதந்தோறும் அது விடுவிக்கும் பணத்தை ஏற்க மாணவன் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். 'கீரோகோன்டோ' என்பது அதன் பெயர். வீட்டு வாடகை, மருத்துவக் காப்புறுதி, கைப்பேசிக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போகும். அதைத் தொடங்கச் செல்லும்போது பல வங்கிகள் வசிப்பிடப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. பதிவு அலுவலகமோ வீட்டுக்காரர் கையொப்பமிட்ட தாளைக் கேட்கிறது. வீட்டுக்காரர், வாடகை கட்ட உள்ளூர்க் கணக்கு இருக்கிறதா என்று கேட்கிறார். விதை முன்னா, மரம் முன்னா என்ற பழைய வழக்குத்தான்! குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களிலோ பதிவுக்கு நாள் கிடைக்கவே வாரங்கள் ஆவதுண்டு. அதுவரையில் முடக்கப்பட்ட கணக்கில் ஆயிரக்கணக்கான யூரோ இருந்தும் ஒரு ரொட்டிக்கு உதவாது. ஆதலின், முதல் ஒன்றிரண்டு மாதச் செலவுக்கு வேறு வழியில் கையில் பணம் வைத்திருப்பது இன்றியமையாதது.

'எங்களுக்கு நீ வேண்டாம்' என்று ஒரு வங்கி கைவிரித்தால் என்ன செய்வது? இங்கே நம்மவருள் பலர் அறியாத ஓர் உரிமை இருக்கிறது. 2014-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இட்ட நெறியை ஒட்டி, 2016 ஜூன் முதல் ஜெர்மனியில் 'அடிப்படைக் கணக்கு' என்பது சட்டப்படி வந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முறையாகத் தங்கியிருக்கும் எவரும், நிலையான முகவரி இல்லாதவரும்கூட, அதைக் கேட்கலாம். நிறைவான விண்ணப்பம் கிடைத்த பத்து வேலை நாளுக்குள் வங்கி கணக்கைத் தொடங்க வேண்டும். சட்டம் கூறும் சில காரணங்களுக்காக அன்றி மறுக்க இயலாது. மறுத்தால், 'பாஃபின்' என்னும் கண்காணிப்பு அலுவலகத்துக்கு முறையிடலாம். அயலான் என்பதற்காகத் தலை குனிந்து கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால், அடிப்படைக் கணக்குக்கு மாதக் கட்டணம் உண்டு. மாணவர்களுக்கென்று ஒரு வயது வரையில் கட்டணமின்றித் தரும் கணக்குகளும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டே தேர்ந்துகொள்ள வேண்டும். 'கடன் எல்லை' என்று இருப்புக்கு மேல் எடுக்க ஒரு வசதியும் தருவார்கள். அது பரிசு அன்று. அதற்குரிய வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து அளவிலும் அதற்கு மேலும் இருப்பதுண்டு.

கணக்கு எண்ணைப் பற்றி, ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே கணக்கு எண்ணுக்கு 'ஐபான்' என்று பெயர். ஜெர்மன் ஐபான் 22 இடங்கள் கொண்டது: நாட்டைக் குறிக்கும் 'டி', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகள், இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள், வங்கிக்குரிய எட்டு இலக்கங்கள், கணக்குக்குரிய பத்து இலக்கங்கள். முதல் நான்கு இடங்களைக் கடைசியில் கொண்டு போய்ச் சேர்த்து, 'டி'க்கு 13, 'ஈ'க்கு 14 என்று இலக்கம் இட்டு, வரும் பேரெண்ணை 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஓர் இலக்கம் பிழையானாலும், அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் மீதி 1 வராது. மீதி காண்பது எதற்கு என்று வகுப்பில் கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டலாம். எண் பிழையற்றது என்பதை மட்டுமே இது காட்டும். அந்த எண் யாருடையது என்பதைக் காட்டாது. அதற்காகவே, 2025 அக்டோபர் 9 முதல் யூரோ வழங்கும் நாடுகளின் வங்கிகள், பணம் போகுமுன் பெறுபவர் பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுச் சொல்லக் கடமைப்பட்டுள்ளன. வாடகை முன்பணத்தை யாரோ ஒருவருக்கு அனுப்பச் சொல்லும் போலி வீட்டுக்காரர்கள் மிகுந்த இக்காலத்தில், பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையைப் பார்த்தும் பொத்தானை அழுத்துவது பேதைமை.

இதைவிடக் கொடிய வலை ஒன்று உண்டு. "உன் கணக்கில் சிறிது பணம் வரும், அதை வேறோர் இடத்துக்கு மாற்றிவிடு, நூற்றுக்கு இவ்வளவு உனக்கு" என்று யாரேனும் இனிக்க இனிக்கப் பேசலாம். அது பெரும்பாலும் திருட்டுப் பணத்தின் பாதை. தெரியாது என்ற சொல் அங்கே காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். பெரும் கவனக்குறைவும் அந்நாட்டுச் சட்டத்தில் குற்றமே. படிப்பும் விசாவும் ஒருங்கே போய்விடக் கூடும்.

இதற்கிடையே நம் நாட்டில் உள்ள கணக்கை மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டில் படிக்கச் சென்றவர்களை, அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நோக்கில் வெளிநாடு வாழ்பவராகவே கருத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003-இல் தெளிவுபடுத்தியது. வேடிக்கையைப் பாருங்கள்! ஜெர்மனியில் அயலானாக இருந்தவன் அங்கே குடியேறுகிறான். அதனாலேயே தன் ஊர் வங்கியில் அயலான் ஆகிறான். ஆகவே, இங்குள்ள சேமிப்புக் கணக்கை வங்கிக்கு அறிவித்து 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே வரும் வட்டியும் வாடகையும் அதில் சேரும். அதன் வட்டிக்கு இங்கே வரி பிடிப்பார்கள். பின்னாளில் அங்கே ஈட்டிய பணத்தை அனுப்புவதற்கு 'என்.ஆர்.இ.' கணக்கு வேறாக உண்டு. அதிலிருந்து பணத்தை மீண்டும் தடையின்றி வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாம்.

படிப்பை முடித்துத் திரும்புகையில், விமானம் ஏறும் அவசரத்தில் ஜெர்மன் கணக்கை முடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு மூன்று மாத வாடகை வரையில் முன்பணமாகப் பிடித்திருப்பார்கள். வீட்டுக்காரர் செலவுகளைக் கணக்குப் பார்த்து அதைத் திருப்பித் தருவதற்குப் பல மாதங்கள் ஆவதுண்டு. அந்தப் பணம் வந்து சேர ஒரு கணக்கு வேண்டும் அல்லவா? அதுவரையில் அதைத் திறந்தே வைத்து, ஊர் முகவரியை வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு வர வேண்டும்.