சளியைத் தின்று வாழும் பாக்டீரியா



நம் பெருங்குடலின் உட்சுவரில் வழவழவென்று ஒரு சளிப்படலம் உண்டு. அதையே தீனியாகக் கொண்டு வாழும் ஒரு பாக்டீரியாவுக்கு 2004 வரை பெயரே கிடையாது. இத்தனைக்கும் அது அபூர்வமான உயிர் அல்ல. ஆரோக்கியமானவர்கள் பலருடைய குடலில் தாராளமாக இருப்பதுதான். அதன் டிஎன்ஏ ஆய்வாளர்கள் கண்ணில் முன்பே பட்டிருந்தது. உயிரோடு வளர்த்துப் பார்த்தவர்தான் இல்லை.

குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றே ஆகாது. ஆக்சிஜனை நீக்கிய குழாயில் விட்டாலும், கொடுக்கும் தீனி பிடிக்க வேண்டுமே! சத்து மிகுந்த கரைசலை ஊற்றினால் வேகமாகப் பெருகும் வகைகள் முந்திக்கொள்ளும். மற்றவை தலைகாட்டாது.

நெதர்லாந்தின் வேகனிங்கன் பல்கலைக்கழகத்தில் மூரியல் டெரியனும் சகாக்களும் சளியின் முக்கியப் பொருளான மியூசினை மட்டும் உணவாக வைத்தார்கள். ஆரோக்கியமான ஒருவரின் மலமாதிரியை அதில் கலந்து, குழாய்க்குக் குழாய் மேலும் மேலும் நீர்க்கச் செய்தார்கள். எண்ணிக்கையில் குறைந்தவை வழியிலேயே கழன்றுவிடும். மியூசினைத் தின்னத் தெரிந்து, எண்ணிக்கையிலும் மிகுந்திருப்பதுதான் கடைசிக் குழாய்வரை வரும். அப்படி வந்தது முட்டை வடிவத்தில் ஒரு சிற்றுயிர்.

இது யார் வீட்டுப் பிள்ளை? அதைச் சொல்வது, எல்லா பாக்டீரியாவிடமும் இருக்கும் ஒரு மரபணு. சுமார் 1,500 எழுத்து நீளம். தெரிந்த உறவுகளோடு ஒப்பிட்டார்கள். பெயர் பெற்றவற்றில் மிக நெருங்கிய சொந்தமே ஓர் ஏரி நீரில் கிடைத்த பாக்டீரியாதான். ஒற்றுமை 92 சதவீதம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 98.7-க்குக் கீழே போனாலே வேறு சிற்றினம். 92 அதற்கும் வெகு கீழே; ஆகவே இதற்குப் புதிய பேரினமே தேவைப்பட்டது. டச்சு நுண்ணுயிரியலாளர் ஆன்டூன் அக்கர்மான்ஸைக் கௌரவிக்கும் விதமாக 'அக்கர்மான்சியா முசினிஃபிலா' என்று பெயரிட்டார்கள்.

சளியைத் தின்றால் குடலுக்குக் கேடில்லையா என்று கேட்பீர்கள். உடல் அதைச் சுரந்துகொண்டே இருக்கிறது. கொழுத்த எலிகளுக்கு இந்தப் பாக்டீரியாவைக் கொடுத்தபோது சளிப்படலம் தடித்தது என்று 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

பாக்டீரியாவுக்குப் பெயர் வைப்பதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டுரை எழுதினால் மட்டும் போதாது; உயிருள்ள வளர்ப்பை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். சந்தேகம் உள்ள எந்த ஆய்வாளரும் அதை வாங்கி வளர்த்துப் பார்க்கலாம். இதைவிட நேர்மையான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

2020-ல் வெளியான ஒரு பெரிய மரபணுத் தொகுப்பு, மனிதக் குடலில் 4,644 பாக்டீரியா, ஆர்க்கியா சிற்றினங்களைக் காட்டியது. அவற்றில் 70 சதவீதத்துக்கு மேல் அப்போது எந்த ஆய்வகத்திலும் வளர்க்கப்படாதவை. ஒவ்வொன்றும் எதைத் தின்னும் என்று இனித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.