அன்றாடப் படத்திற்கு ஏற்ற லென்ஸ் எது?

(காஞ்சிரங்குளத்தில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழா மேடையில் குறளும் சிலம்பும் பேசப்படுவதே வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் நம்மை அழைத்து, கேமராவுக்கு லென்ஸ் வாங்குவது பற்றிப் பேசுமாறு பணித்துவிட்டனர். பத்தாம் வகுப்புப் படிப்போடு இரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு அமர்ந்த நாம் அறிவியல் அறிஞர் அல்லோம். ஒளிப்படக் கலையில் வல்லாரும் அல்லோம். தேவை அறியாது ஒரு பொருளை வாங்கிப் பின்னர்த் தெளிந்தோம் என்ற ஒரு தகுதியே நமக்கு உண்டு. அத்தகுதி கொண்டே பேசத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு இதே விழாவில் நம் காலனியின் மூத்த தாய்மார்க்குப் பொன்னாடை போர்த்தினோம் அன்றோ? அவருள் ஒருவர் நம் பெரியம்மை. திருவனந்தபுரத்திற்கும் நாகர்கோவிலுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979 ஆம் ஆண்டில். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, பேருந்தில் களியக்காவிளையைக் கடந்து, மணப்பெண்ணாக இவ்வூர் வந்து சேர்ந்தவர் அவர். அதிகம் பேசார், அதிகம் சிரியார். அன்று பொன்னாடை தோளில் விழுந்ததும் தலையை ஒருபுறம் திருப்பி, நாணத்தோடு சிரித்தார். கேமரா நம் கையில் இருந்தது. பொத்தானை அழுத்தினோம்.

ஆனி மாதத்தில் அவர் காலமானார். சுவரில் மாட்டுவதற்கு அந்தப் படத்தைத் தேடி எடுத்தோம். பின்னே தொங்கிய திரைச்சீலையின் மடிப்புகள் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. பெரியம்மையின் முகம் மட்டும் கலங்கிக் கிடந்தது. இன்று அவர் வீட்டில் மாலையிட்டு வைத்திருப்பது ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். அதில் அவர் சிரிக்கவில்லை.

அதற்குக் கேமராவைக் குறை கூற இயலாது. நம் தேர்வே பிழை. நாம் வாங்கியிருந்தது 18 முதல் 200 மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம் லென்ஸ். 200 என்ற எண்ணின் பெருமையில் மயங்கி, அதுவே சிறந்தது எனக் கருதி வாங்கினோம். அப்பிழை யாது என்று விளங்கிக்கொண்டால், இனி வாங்குவோர்க்குப் பயன்படும்.

முதலில் இந்த எண்களின் பொருளைக் காண்போம். பள்ளியில் குவியத்தூரம் என்று படித்தோம் அல்லவா? லென்ஸின் மேல் மில்லிமீட்டரில் பொறித்திருப்பது அதுவே. எண் சிறிதாயின் காட்சி அகலும். பெரிதாயின் தொலைவில் உள்ளது அருகே வரும். பழங்காலத்தில் ஒவ்வொரு தூரத்திற்கும் ஒவ்வொரு லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. 1959 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபாய்க்லாண்டர் நிறுவனம் ஜூமார் என்ற லென்ஸை வெளியிட்டது. 35 மில்லிமீட்டர் பிலிம் இடும் எஸ்எல்ஆர் கேமராவுக்கென முதன்முதல் வந்த ஜூம் லென்ஸ் அதுவே. 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை ஒரே லென்ஸில் திருப்பிக்கொள்ளலாம். இன்று நம் கையிலுள்ள சிறிய ஜூம் லென்ஸும் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டாவது எண், எஃப் எண். லென்ஸின் துளை எவ்வளவு அகலத் திறக்கும் என்பதை அது காட்டும். இங்கே எண் சிறிதாயின் துளை பெரிது. எஃப் 2.8 என்னும் துளை வழியே புகும் ஒளி, எஃப் 5.6 வழியே புகுவதைப்போல் 4 மடங்கு. விலை குறைந்த ஜூம் லென்ஸ்களில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். அகலக் காட்சியில் 3.5, நீட்ட நீட்டத் துளை சுருங்கி 5.6 ஆகிவிடும் என்பது அதன் பொருள்.

இனிப் பெரியம்மையின் படத்துக்கு வருவோம். மண்டபத்தில் குழல்விளக்கு வெளிச்சம் மட்டுமே. நாம் பின்வரிசையில் நின்று லென்ஸை நீட்டினோம்; துளை 5.6 ஆகச் சுருங்கியது. ஒளி போதாமையால் கேமரா, ஷட்டரை 1/15 வினாடி திறந்து வைத்தது. லென்ஸில் கைந்நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருந்தது. ஆதலின் அசையாத திரைச்சீலை தெளிவாக விழுந்தது. ஆனால் அவ்வசதி நம் கையின் நடுக்கத்தைத்தான் தாங்கும். எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தாது. பெரியம்மை தலை திருப்பினார், முகம் கலங்கியது. அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் இருந்திருப்பின், ஷட்டர் 1/60 வினாடியில் மூடியிருக்கும். அந்தச் சிரிப்பும் தங்கியிருக்கும்.

ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தியிருக்கலாமே என்று தம்பிமார் கேட்பர். உண்மை. உயர்த்தியே இருக்க வேண்டும். ஆயினும் ஓரளவுக்கு மேல் உயர்த்தினால் படத்தில் குருணை விழும். தோலின் நிறமும் கெடும். ஒளியை லென்ஸே தருமாயின் அத்தொல்லை குறையும்.

வாங்கப் புகுமுன் நம்மை நாமே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. நாம் உண்மையில் எவற்றைப் படம் எடுக்கிறோம்? பயணச்சீட்டு ஜன்னலில் அமர்ந்து பழகிய நமக்கு ஓர் உவமை தோன்றுகிறது. பாறசாலையில் ஏறி நாகர்கோவிலில் இறங்குபவர் ஹௌரா வரை சீட்டு வாங்குவாரோ? லென்ஸ் விஷயத்தில் நாம் அதைத்தான் செய்தோம். இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. கணிப்பொறியில் பழைய படங்களின் விவரத்தைத் திறந்தால், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்று காணலாம். நாமும் ஒரு விடுமுறை நாளில் அமர்ந்து பார்த்தோம். பெரும்பாலானவை 18க்கும் 50க்கும் இடையிலேயே இருந்தன. 200 வரை நீட்டி எடுத்தவை தென்னை உச்சியில் இருந்த பருந்தும், பூவாற்றுப் பொழிமுகத்தில் சென்ற படகும், இன்னும் சிலவுமே. அவற்றுக்காகவா அத்தனை பணம் கொடுத்தோம்!

நம் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். வீட்டு முன்னறையில் பன்னிருவர் நின்று எடுக்கும் குடும்பப் படம், பின்னால் போக இடமில்லை, அகலமே வேண்டும். பாலராமபுரத்தில், பலராம வர்மா மன்னர் காலத்தில் (1798-1810) தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளரின் தெரு உண்டு. நமக்கு முன்னே எல்லை கடந்து வந்தவர் அவர். அங்கே குழித்தறியில் அமர்ந்து நெய்பவரை எடுக்க வேண்டுமாயின், அறையோ இருட்டு, கையோ ஓயாமல் அசையும், ஒளியே வேண்டும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் எழுந்தருளும் பவனி, களியக்காவிளையும் பாறசாலையும் கடந்து நெய்யாற்றின்கரையில் இரவு தங்குவது மரபு. நாம் சாலையோரத்தில் கைதொடும் தூரத்தில் நிற்கிறோம், பொழுதோ மாலை. அங்கும் நெடுந்தொலைவு வேண்டுவதில்லை. அகலமும் ஒளியும் வேண்டும்.

ஆகவே நம் தேர்வு மூன்று படிகளாக அமையும்.

முதற்படி, 18-55 மில்லிமீட்டர் சிறு ஜூம். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் லென்ஸ் என்று இதனை இகழ்வோர் உண்டு. இகழற்க. எடை குறைவு, பழைய பொருளாக வாங்கினால் விலையும் மிகக் குறைவு. நடுக்கம் தாங்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். நிக்கானில் விஆர் என்றும், கேனனில் ஐஎஸ் என்றும் எழுதியிருக்கும். இரு நிறுவனங்களும் 2007 முதல் அவ்வசதியோடு இதனை வெளியிட்டன. பகலில் வெளியே எடுப்பதற்கு இதுவே போதும்.

இரண்டாம் படி, 18-105, 18-135, 18-140 என்று சற்று நீளும் லென்ஸ்கள். சுற்றுலாவுக்கு வசதி, லென்ஸை மாற்றும் வேலை இல்லை. ஆனால் நீட்டிய நிலையில் இவற்றுக்கும் துளை 5.6தான். மண்டபத்து இருட்டுக்கு இவை மருந்தாகா.

மூன்றாம் படி, முழு நீளத்திலும் எஃப் 2.8 ஆக நிற்கும் 17-50 மில்லிமீட்டர் லென்ஸ். டாம்ரான் நிறுவனம் 2006இலும், சிக்மா நிறுவனம் 2010இலும் இவ்வகையை வெளியிட்டன. முதற்படி லென்ஸைவிட விலை பன்மடங்கு, எடையும் கூடுதல். எனினும் கேமரா நிறுவனங்களே விற்கும் எஃப் 2.8 ஜூம்களை நோக்க இவை மலிவு. ஒரு குடும்பத்திற்குப் பாரமாகத் தோன்றுவது சங்கத்திற்குப் பாரமாகாது.

இதற்கும் வசதிப்படாத குடும்பத்தார், 18-55 லென்ஸோடு, ஜூம் இல்லாத எஃப் 1.8 சிறு லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நிக்கானுக்கு 35 மில்லிமீட்டரிலும் கேனனுக்கு 50 மில்லிமீட்டரிலும் மலிவாகக் கிடைப்பவை அவை. அறைக்குள் முகங்களை எடுக்க ஏற்றவை.

இனி வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை. பிலிம் காலத்து 28-80 லென்ஸ் பரணில் இருக்கிறதே, போதாதா என்பர் சிலர். நம் போன்றோரிடம் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் சென்சார், பழைய பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. ஆதலின் காட்சி குறுகும். நிக்கானாயின் 1.5ஆலும், கேனனாயின் 1.6ஆலும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 18 என்பது 27 போல் நிற்கும்; 28 என்பதோ 42 போல் ஆகிவிடும். முன்னறைக் குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் மாமாவும் அத்தையும் விடுபட்டுப் போவர்.

அடுத்து, பொருத்தம். மாட்டினால் மாட்டும், ஆனால் தானாகக் குவியாது என்ற நிலை உண்டு. நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உள்ளே லென்ஸைத் திருப்பும் மோட்டார் இல்லை. லென்ஸிலேயே மோட்டார் இருக்க வேண்டும். முற்கூறிய டாம்ரான் 17-50இல் நிக்கானுக்கென முதலில் வந்தது மோட்டார் இல்லாதது; பின்னர் வந்ததே மோட்டார் உள்ளது. மறுதலையாக, ஏஎஃப்-பி என்ற புதிய வகை லென்ஸ், டி90 போன்ற பழைய கேமராவில் குவியாது. ஆகவே நம் கேமராவையே கையோடு கொண்டு சென்று, மாட்டி, குவித்து, இரு கோடியிலும் படம் எடுத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

பழைய லென்ஸாயின், ஒரு சிறு டார்ச் விளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறம் நோக்குக. சிலந்தி நூல்போல் கிளைவிட்ட கறை தெரிந்தால் அது பூசணம், வாங்கற்க. இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறி மாறிப் பெய்யும் நம் கடலோர ஊரில் பூசணமே லென்ஸுக்குப் பெரும் பகை. தோல் பையிலும் பூட்டிய பீரோவிலும் வைத்து மறந்துவிடுதல் தவறு. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைக்க வேண்டும். நீல மணிகள் ஈரத்தால் இளஞ்சிவப்பானால், சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அவ்வப்போது வெளியே எடுத்துப் படம் பிடித்தல் அதனினும் நன்று.

புதிய கேமராக்கள் உட்கண்ணாடி இல்லாத வகைக்கு மாறிவிட்டனவே, இப்பொழுது இந்த லென்ஸுக்குச் செலவிடலாமா என்ற ஐயம் எழலாம். 2018இல் நிக்கானும் கேனனும் அத்தகைய புதிய வரிசைகளைத் தொடங்கியது உண்மையே. அதனால்தான் பழைய பொருள்கள் நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன. நாளை புதிய கேமரா வாங்கினாலும், இணைப்பு வளையம் கொண்டு அதே நிறுவனத்தின் மோட்டார் உள்ள லென்ஸைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். பிற நிறுவன லென்ஸாயின் சோதித்துப் பார்த்தல் நலம்.

நிறைவாக ஒன்று. செயற்குழு ஒதுக்கிய தொகையில், மோட்டார் உள்ள பழைய 17-50 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றை வாங்க முடிவாகியுள்ளது. நம்முடைய 18-200 லென்ஸை விற்ற பணத்தையும் அதனோடு சேர்த்துவிட்டோம். தம்பிமார் அதனைப் பழகிக்கொள்க. முகம் எடுக்கையில் துளையை முழுதும் திறந்திடுக. வரிசையாகப் பலர் நிற்கையில் 5.6 அளவுக்குச் சுருக்கிடுக, இல்லையேல் பின்வரிசை மங்கும். எல்லாவற்றினும் மேலாக, பின்வரிசையில் நின்று லென்ஸை நீட்டாமல், நான்கு அடி முன்னே நடந்து செல்க. அதற்குச் செலவில்லை.

நம் பிள்ளைகள் ஆடும் கோலாட்டத்தை அடுத்த ஆண்டும் எடுக்கலாம். ஆனால் எல்லை கடந்து வந்து, இவ்வூரில் தமிழ் பேசிக் குடும்பம் வளர்த்த மூத்தோர் இன்று முன்வரிசையில் சிலரே அமர்ந்திருக்கின்றனர். கூட்டம் முடிந்ததும் அவர்கள் எழுந்து போய்விடாமல் சிறிது இருக்க வேண்டுகிறோம். ஜன்னலோரம் நாற்காலி இட்டிருக்கிறோம்; இன்னும் பகல் வெளிச்சம் இருக்கிறது. லென்ஸ் வரும்வரை காத்திராமல், இருக்கும் சிறு லென்ஸைக் கொண்டே ஒவ்வொருவரையும் இன்றே எடுத்துவிட எண்ணியுள்ளோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!