கைக்குத் தொழிலும் கருத்துக்கு உரிமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொழில் நடத்துவோர் தம்மிடம் பணிபுரிவோரை எவ்வாறு வளர்க்க வேண்டும் என்பதுபற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். இது பெரிய முதலாளிகள் கேட்க வேண்டிய பேச்சு என்று எவரும் எண்ண வேண்டா. நம்மவருள் மளிகைக் கடை வைத்திருப்போர் உண்டு. பட்டறை நடத்துவோர் உண்டு. அலுவலகத்தில் பத்துப் பேரை மேற்பார்ப்போரும் உண்டு. நம்மை நம்பி ஒருவர் வேலை செய்தாலும் இப்பேச்சு நமக்கு உரியதே.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் நான் பல்லாண்டு மேற்பார்வையாளனாக இருந்தேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் லேத்தில் வேலை செய்தான். ஒரு வாரமாக அவன் கடைந்த உருப்படிகள் அளவு தவறி வந்தன. அவனைக் கடிந்துகொண்டேன், உளியை மாற்றினேன், வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எட்டாம் நாள் பிரித்துப் பார்த்தபோது பேரிங் தேய்ந்திருந்தது. அப்போது அவன் மெல்லச் சொன்னான்: “முதல் நாளே சத்தம் மாறியது ஐயா.” “ஏன் சொல்லவில்லை?” என்றேன். “முன்பு ஒரு தடவை சொன்னேன். ‘உன் வேலையைப் பார்’ என்றீர்கள்” என்றான்.

நான் தலைகுனிந்தேன். அவனுடைய கைகளை மட்டுமே வேலைக்கு அழைத்துவிட்டு, காதையும் அறிவையும் வாயிலிலேயே நிறுத்தி வைத்தவன் நான் அன்றோ!

இதற்கு மாறான நெறியில் நடந்த தொழில் ஒன்றைக் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓசூருக்குச் சென்றால் போதும். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஜெர்க்ஸஸ் தேசாய் என்பார் அதனை முன்னின்று உருவாக்கி, 2002 வரை அதன் நிருவாக இயக்குநராக விளங்கினார்.

குவார்ட்ஸ் கடிகாரத்தினுள்ளே சிறு படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதனைச் சுற்றி அமையும் உறுப்புகள் கண்ணுக்கு எட்டியும் எட்டாதனவாய் நுண்ணியவை. அத்தகைய வேலைக்குத் தேர்ந்த கைகளை மட்டும் தேடாமல், தமிழ்நாட்டு ஊர்களில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பிள்ளைகளையும் பெண்களையும் அந்நிறுவனம் தேடிச் சென்று தேர்ந்தெடுத்தது. ஆலையை எட்டியும் பாராத குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குத் தொழில் கற்பித்ததோடு, புதிய ஊரில் தங்குவதற்கும் வழி செய்தனர்.

கற்பித்தல் பாதி, கற்றவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தல் மறு பாதி. 1.15 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இயக்கப் பொறியை அந்நிறுவனத்தின் பொறியாளர்களே உருவாக்கினர். அதைக்கொண்டு 3.5 மில்லிமீட்டர் தடிமனில் அமைந்த ‘எட்ஜ்’ கடிகாரம் 2002-இல் வெளிவந்தது. கடிகாரக் கலையில் நெடுநாள் புகழ் பெற்ற நாடுகளும் வியக்கத்தக்க பணி அது. தம்மவரால் இயலும் என்று தலைமை நம்பியிராவிட்டால் இது நிகழ்ந்திராது.

இன்னொன்றும் கேளுங்கள். மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் முயற்சியால், 1990-களில் அவ்வட்டாரத்துச் சுய உதவிக் குழுப் பெண்கள் ‘மீடோ’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். டைட்டனுக்காக வாட்ச் பட்டை முதலியவற்றைச் செய்து கொடுக்கலாயினர். அந்நிறுவனத்தில் அப்பெண்கள் கூலியாட்கள் மட்டும் அல்லர்; பங்குதாரர்களும் ஆவர்.

“பழக்கிவிட்டால் நம்மை விட்டுப் போய்விடுவானே!” என்று நம் கடைக்காரர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. போகக்கூடும், அதை மறைப்பானேன்? ஆனால் நம் ஊர் ஹெச்.எம்.டி.யை நினைத்துப் பாருங்கள். 1953-இல் இங்கே நிறுவப்பெற்ற அத்தொழிலகம், 1961-இல் ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அங்கே தொழில் கற்ற பொறியாளர் சிலர்தாம் பின்னர் ஓசூருக்குச் சென்று டைட்டனுக்கு அடித்தளம் இட்டோருள் இருந்தனர். ஹெச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிலை மூடிவிட 2016-இல் அரசு முடிவு செய்தது. ஆலை மூடப்பட்டாலும் அது கற்பித்த தொழில் அழியவில்லை. பிறர் கைகளில் வாழ்கிறது. மேலும், ஒன்றும் கற்பிக்காமல் வைத்திருக்கும் ஆள் நம்மிடமே தங்கிவிட்டால், அதனால் நமக்கு இலாபமா?

வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். தகுதியை ஆராய்ந்து ஆளைத் தேர்ந்தபின் செயலை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது அதில் அவர் காட்டும் நெறி. நாம் ஆராய்வதில் குறை வைப்பதில்லை; விடுவதில்தான் நமக்கு மனம் வருவதில்லை.

அன்பர்களே! ஊரிலிருந்து உறவுக்காரப் பையனை அழைத்து வருகிறோம். சோறிடுகிறோம், இடமும் தருகிறோம். பத்து ஆண்டு கழித்தும் அவன் மூட்டை தூக்குகிறான். தேநீர் வாங்கி வருகிறான். கணக்குப் புத்தகத்தை அவன் கண்ணில் காட்டினோமா? சரக்குக் கொள்முதலுக்கு ஒரு நாளேனும் தனியே அனுப்பினோமா? அனுப்பி, அவன் நூறு ரூபாய் நட்டத்தோடு திரும்பினால், பொறுத்துக்கொண்டு மறுமுறையும் அனுப்பினோமா? அந்த நூறு ரூபாயை அவன் படிப்புச் செலவாகக் கொள்ளுங்கள். பிழைப்பைத் தேடி நாமும் ஒரு நாள் இந்நகருக்கு வந்தவர்களே. அன்று எவரோ ஒருவர் நமக்குத் தொழிலைக் காட்டி நம்பிக்கையும் வைத்ததால்தான் இன்று இம்மண்டபத்தில் குடும்பத்தோடு அமர்ந்திருக்கிறோம்.

அந்த லேத் இளைஞனிடம் மறுநாளே வருத்தம் தெரிவித்தேன். அதன்பின் நாள்தோறும் காலையில் இயந்திரத்தருகே நின்று, “இன்று என்ன கேட்கிறது?” என்று வினவுவதை வழக்கமாகக் கொண்டேன். பிற்காலத்தில் அவர் என் இடத்திலேயே மேற்பார்வையாளராக அமர்ந்தார். என்னைவிட நன்றாகவே அப்பணியைச் செய்தார் என்று கூறி மகிழ்வோடு என் உரையை முடிக்கிறேன்.