இன்னொரு மாஹுல் வேண்டாம்

செம்பூர்ச் சொந்தங்களே, தாராவியிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே!

தாராவி மறுசீரமைப்பு என்ற பெயரில், பசுமை நகரம், நீடித்த வளர்ச்சி என்று கலர் கலராகப் படம் காட்டுகிறார்கள். அந்தப் படத்தில் மாஹுல் எங்கே ஐயா? இதே செம்பூரில்தான் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயனக் கிடங்குகள், அவற்றின் பக்கத்திலேயே, வீடு இடிக்கப்பட்டவர்களைக் குடியமர்த்த 72 கட்டடங்கள். வீடு 225 சதுர அடி. கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்பதால் கீழ்வீடுகளில் பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டும். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வராது, நெடிதான் வரும்.

அங்குள்ள காற்று மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்று 2015 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கேட்டார்களா? 2017-இல் தான்சா குடிநீர்க் குழாயோரக் குடிசைகளை இடித்து, அந்த ஜனங்களை அதே மாஹுலுக்குத்தான் அனுப்பினார்கள். குழாய்க்குப் பாதுகாப்பு வேண்டியதுதான், மறுக்கவில்லை. நுரையீரலுக்கு வேண்டாமா? மக்கள் வித்யாவிகாரில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு, வேறு இடத்தில் இருந்துகொள்ளட்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இப்போது தாராவியின் முறை. 2000-க்குப் பிறகு வந்தவரா, மாடியில் குடியிருப்பவரா, உங்களுக்குத் தாராவிக்குள் வீடு கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய இடங்களில் ஒன்று தியோனார் குப்பைமேடு! 1927 முதல் மும்பை கொட்டிய குப்பை. 2016 ஜனவரியில் அது பற்றியெரிந்த புகை விண்வெளிப் படத்திலேயே தெரிந்தது. சுத்தம் செய்துவிட்டுக் கட்டுவோம் என்கிறார்கள். 185 லட்சம் டன் குப்பை ஐயா, வாசலில் கிடக்கும் தூசியா?

சுற்றுச்சூழலைப் பற்றித் தாராவிக்கு யார் பாடம் நடத்துவது? இந்த நகரம் வீசியெறியும் பிளாஸ்டிக்கைப் பதிமூன்றாம் காம்பவுண்டில் தரம் பிரித்து மறுபடி பொருளாக்குகிறவன் நம் ஆள். விடியற்காலையில் தாராவியில் அவித்த இட்லி, ஆபீஸ் போகிறவர் கைக்குச் சூடாக வந்துவிடுகிறது. வீடும் தொழிலும் ஒரே சந்தில். காரும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். இதைக் கலைத்துவிட்டு எந்தப் பசுமையை நடப் போகிறீர்கள்?

தியோனாரின் மண்ணையும் காற்றையும் நிலத்தடி நீரையும் சோதியுங்கள். முடிவைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அச்சடித்துச் சந்துக்குச் சந்து ஒட்டுங்கள். தாய்மார்களே, அது ஒட்டப்படும்வரை, அங்கே போகச் சம்மதம் என்று எவர் தாள் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்!