சண்டைக் கதையும் சரித்திரமும்

(குந்தாவில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் சரித்திரம் என்பதாகும். சரித்திரம் என்றவுடனே நம் மக்களுக்கு ஞாபகத்திற்கு வருவது ராஜாக்களும் அவர்கள் போட்ட சண்டைகளுமேயாகும். அச்சண்டைகளைப் பற்றி நமக்குச் சொல்லி வைத்திருப்பதும் ஒரே மாதிரிதான். அதாவது ஒரு பக்கம் ஒரு நல்லவன், மறு பக்கம் ஒரு கெட்டவன், நடுவில் ஒரு துரோகி. இந்த மூன்று வேஷக்காரர்களை வைத்துக்கொண்டு விடிய விடியத் தெருக்கூத்து நடத்தலாமே ஒழிய, நடந்த சங்கதி இன்னதென்று தெரிந்துகொள்ள முடியாது. நான் சொல்லுவதையும் நீங்கள் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

எங்கேயோ இருக்கிற பானிப்பட்டுக்கும் டில்லிக்கும் போகாமல், இந்த மலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் படகத் தோழர்கள் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கு ஒரு கதை வழங்கி வருகிறது. தலைமலைப் பக்கத்தில் ஏழு சகோதரர்கள் இருந்தார்களாம். அவர்கள் வீட்டுப் பெண்ணின்மேல் ஒரு முகமதிய அரசன் கண் வைத்தானாம். மானத்துக்குப் பயந்து அவர்கள் இரவோடு இரவாகப் புறப்பட்டு கோத்தகிரிப் பக்கம் வந்து குடியேறினார்களாம். தர்ஸ்டன் என்பவர் 1909ல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய புத்தகத்திலும் இந்தக் கதை இருக்கிறது. ஆனால் இன்றைக்கு இதைச் சொல்லுகிறவர்களில் பலர், "படகர்கள் திப்பு சுல்தானுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்" என்று அரசனுக்குப் பெயரும் வைத்துச் சொல்லுகிறார்கள். கைப்பேசியில் வரும் செய்தியிலும் அப்படியே வருகிறது.

இது உண்மையா என்று பார்ப்போம். திப்பு பட்டத்துக்கு வந்தது 1782ல். செத்தது 1799 மே 4ந் தேதி. அவன் தகப்பன் ஹைதர் மைசூரில் அதிகாரத்தைக் கைப்பற்றியது 1761ல். ஆனால் 1603ல், பினீசியோ என்கின்ற கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவர் மலையாளத்திலிருந்து மன்னார்க்காட்டு வழியாக இந்த மலைக்கு ஏறி வந்தார். (மலையாளத்துப் பக்கமிருந்து வந்தாரா என்று ஆச்சரியப்பட வேண்டாம். இந்தக் குந்தா மலையே 1860 வரையில் மலபார் ஜில்லாவோடு சேர்ந்துதான் கிடந்தது.) இந்த மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் யாரோ மறந்துபோய்க் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் தேடி வந்தார். கிறிஸ்தவர்கள் அகப்படவில்லை, தோடர்கள்தான் அகப்பட்டார்கள். ஆனால் அவர் முதலில் வந்து தங்கியது ஒரு படகர் ஊரில். அந்த ஊர் மேலூராக இருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள்.

கணக்குப் போடுங்கள் தோழர்களே! திப்பு பட்டத்துக்கு வருவதற்கு 179 வருஷங்களுக்கு முன்பே ஹட்டி கட்டி, குடும்பத்தோடு வாழ்ந்து, வந்த பாதிரியாருக்கு இடமும் கொடுத்த ஜனங்கள், திப்புவுக்குப் பயந்து ஓடிவந்தார்கள் என்றால், பிறக்காத குழந்தை கடிக்கும் என்று பயந்து பாட்டன் ஓடிய கதையாக அல்லவா இருக்கிறது? சல்லிவன் துரை 1819ல் வந்து நீலகிரியைக் "கண்டுபிடித்தார்" என்று சொல்லுவதும் இதே ஜாதியைச் சேர்ந்த சரித்திரந்தான். அவர் வருவதற்கு முன்பே இங்கே உழுது விதைத்து, மேடேறி வந்தவனுக்கெல்லாம் வரி கட்டியவர்கள் யாராம்?

நிற்க. திப்புவின் பெயர் இதில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? நம் ஜனங்களுக்குத் தெரிந்த முகமதிய அரசன் பெயர் ஒன்றே ஒன்று. ஆகையால் பெயரில்லாத கதைக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். இதே கதையை மதுரைச் சீமையில் கம்பளத்தாரும் கப்பிலியரும் சொல்லுகிறார்கள். அங்கேயும் ஒரு முகமதிய ராஜா, அங்கேயும் ஒரு பெண், அங்கேயும் இரவோடு இரவாக ஓட்டம். ஆற்றங்கரைப் புங்க மரங்கள் வளைந்து பாலம் போட்டுக்கொடுத்தன என்பது மட்டும் அவர்கள் கதையில் அதிகம். ஒரே சட்டையைப் பல பேர் போட்டுக்கொண்டு வந்தால், அது யாருக்கு அளவெடுத்துத் தைத்தது என்று கேட்க வேண்டாமா?

இதனால் நான் கதை சொல்லும் பாட்டிமார்களைப் பொய்யர்கள் என்று சொல்ல வரவில்லை. அதிகாரம் உள்ளவன் ஏழைக் குடியானவன் வீட்டுப் பெண்ணைத் தொடுவதும், அதற்குப் பயந்து குடியானவன் நிலத்தை விட்டு ஓடுவதும் நடக்காத காரியம் அல்ல. எல்லா மதத்து ராஜாக்களும் அதைச் செய்திருக்கிறார்கள். அந்த வேதனையை ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பது நியாயமே. அந்த ராஜாவுக்கு ஒரு மதத்தைக் கட்டி, அந்த மதத்துக்கு இன்றைக்கு இருக்கிற ஆட்களைப் பதில் சொல்லச் சொல்லுவதுதான் பித்தலாட்டம்.

"திப்பு இல்லாவிட்டால் போகிறது, தலைக்கோட்டைச் சண்டைக்குப் பிறகு முகமதியர்கள் விஜயநகரத்தை அழித்ததால்தானே ஓடி வந்தார்கள்?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். 1565ல் விஜயநகரம் வீழ்ந்த பிறகு ஏற்பட்ட குழப்பத்தில் படகர்கள் வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் சொல்லுவது உண்மைதான். ஆனால் அந்தச் சமயத்தில் தென் மைசூரை ஆண்டது எந்த சுல்தானுமல்ல. விஜயநகரத்தின் பிரதிநிதிகளும், உம்மத்தூர், மைசூர்ப் பக்கத்துச் சிற்றரசர்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் தின்றுகொண்டிருந்தார்கள். குடியானவனுக்கு வரிக்காரன் ஒருவன் இருந்த இடத்தில் மூன்று பேர் வந்தால் அவன் மலை ஏறாமல் என்ன செய்வான்?

அந்தத் தலைக்கோட்டைச் சண்டையைத்தான் பாருங்களேன். ஒரு பக்கம் இந்து தர்மம், மறுபக்கம் இஸ்லாம் என்று எத்தனை புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்! விஜயநகரத்து ராமராயர் செய்தது என்ன? கோல்கொண்டாவின் இப்ராஹிம் குதுப் ஷா பட்டத்துக்கு வருமுன், உயிருக்குப் பயந்து ஓடி வந்தபோது, ஏழு வருஷம் அடைக்கலம் கொடுத்துச் சோறு போட்டது விஜயநகரந்தான். பீஜப்பூர் அலி ஆதில் ஷா, ராமராயரின் மகன் செத்தபோது நேரில் வந்து துக்கம் விசாரித்து, ராமராயரின் மனைவிக்கு சுவீகாரப் பிள்ளை மாதிரி ஆனான். பிறகு அந்தப் பிள்ளையும் இந்தத் தகப்பனும் சேர்ந்துகொண்டு அகமதுநகர் சுல்தானை அடித்தார்கள். அப்போது இந்து யார், இஸ்லாம் யார்? ராமராயர் ஒரு சுல்தானைக் கொண்டு இன்னொரு சுல்தானை அடித்தே காலம் தள்ளினார். கடைசியில் அடிபட்டவர்களெல்லாம் கூடிப் பேசி ஒன்று சேர்ந்தார்கள். எப்படிச் சேர்ந்தார்கள்? அகமதுநகர் சுல்தான் தன் மகள் சாந்து பீபியை பீஜப்பூருக்குக் கட்டிக்கொடுத்து, ஷோலாப்பூர் கோட்டையைச் சீதனமாகக் கொடுத்தான். அந்தக் கோட்டைக்காகத்தான் அவர்கள் இருவரும் அதுவரையில் அடித்துக்கொண்டிருந்தது. கலியாணமும் கோட்டையும் சேர்த்துவைத்த கூட்டத்தை மதம் சேர்த்துவைத்தது என்கிறார்கள்! சண்டை முடிந்து கொஞ்ச காலத்திற்குள் அந்தச் சுல்தான்கள் தங்களுக்குள்ளேயே மறுபடி அடித்துக்கொண்டார்கள். விஜயநகரத்துச் சேனையில் முகமதியச் சிப்பாய்கள் இருந்ததும் புதிதல்ல. அதற்கு நூறு வருஷத்துக்கு மேலாகவே இரண்டாம் தேவராயர் அவர்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னும் இந்து தர்மத்தைக் காத்தவர் என்று புகழப்படுகிற கிருஷ்ணதேவராயர் 1509ல் பட்டத்துக்கு வந்த சில வருஷங்களில் படையெடுத்தது யார்மேல்? நமக்கு வடக்கே மலையடிவாரத்துக்கு அப்பால் இருந்த உம்மத்தூர் அரசன்மேல். அடுத்தபடி ஒரிசாவின் கஜபதிமேல். இருவரும் சுத்தமான இந்துக்களே. அடங்கி நடக்காததுதான் அவர்கள் செய்த பாவம்.

இதைவிடப் பழையது ஒன்று. இந்த மலைவாசிகளின் பெயர் கல்லில் வருவது 1117ல். ஹோய்சள ராஜாவின் சேனாபதி புணிசன் என்பவன், தான் தோடர்களை நடுங்க வைத்ததாகவும் நீலமலையைப் பிடித்ததாகவும் சாமராஜநகரத்துக் கல்வெட்டில் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறான். தோடர்களுக்குக் கோட்டை உண்டா? குதிரைப்படை உண்டா? எருமை மேய்த்துப் பால் கறந்து பிழைக்கும் ஜனங்களை நடுங்க வைத்தது ஒரு வெற்றியாம். அதற்கு ஒரு கல்லாம்! தோடர் கல்வெட்டு வைக்கவில்லை. வைத்திருந்தால், "ஒருநாள் ஒரு கூட்டம் வந்து எங்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு போயிற்று" என்று இருந்திருக்கும். பழைய யுத்தத்தைப் பற்றி எதைப் படித்தாலும் அது புணிசன் வெட்டிய கல்லா, தோடன் வெட்டாத கல்லா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுபடியும் திப்புவுக்கு வருகிறேன். அவனை ஒரு கூட்டம் மதவெறியன் என்கிறது. மற்றொரு கூட்டம் தேசவிடுதலைக்காக உயிர் கொடுத்தவன் என்கிறது. குடகர்களையும் மங்களூர்க் கிறிஸ்தவர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறை வைத்தவன் திப்பு, அதை மறைக்கக்கூடாது. 1791ல் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தது யார் தெரியுமா? மராட்டியப் படை. மடத்தைச் சரிசெய்யப் பணமும் பொருளும் அனுப்பியவன் திப்பு, அதையும் மறைக்கக்கூடாது. அவனை ஒடுக்குவதற்கு வெள்ளைக்காரக் கம்பெனியோடு சேர்ந்தவர்கள் ஐதராபாத் நைஜாம் என்கின்ற முகமதியரும், பூனா பேஷ்வா என்கின்ற பிராமணருமாவார்கள். 1792ல் பாதி ராஜ்யத்தையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் ஈடாக அனுப்பினான். அந்த மூன்று கோடியும் அவன் வீட்டுப் பெட்டியிலிருந்தா வந்தது? உழுகிறவனிடமிருந்து வந்தது. 1799ல் அவன் செத்த பிறகு அவனுடைய மந்திரி பூர்ணய்யாவே கம்பெனி உட்காரவைத்த ஐந்து வயது ராஜாவுக்குத் திவானாக இருந்து 1811 வரையில் வேலை பார்த்தார். ராஜா மாறினான், கொடி மாறிற்று, வரி வசூலிக்கிற கை மாறவில்லை. கோயமுத்தூரோடு இந்த மலையும் கம்பெனிக்குப் போயிற்று. இங்கே இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தமிழரசன் வென்றான்" என்று மார்தட்டுகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தஞ்சாவூரையும் உறையூரையும் நெருப்பு வைத்தவன் யார்? 13-வது நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன். அவன் மெய்க்கீர்த்தியே அதைப் பெருமையாகச் சொல்லுகிறது. கொளுத்தினவனும் தமிழன், வெந்தவனும் தமிழன். முதலாம் குலோத்துங்கன் என்கின்ற சோழச் சக்கரவர்த்தியோ, தகப்பன் வழியில் வேங்கிச் சளுக்கியன்.

இந்த மாதிரிக் கதையினால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய தோழர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே எல்லாளன், துட்டகைமுனு சண்டை தமிழனுக்கும் சிங்களவனுக்கும் நடந்த ஜாதி யுத்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கதை இருக்கிற மகாவம்சத்தையே எடுத்துப் பாருங்கள். அது சண்டை நடந்ததற்கு ஏறக்குறைய அறுநூறு வருஷம் கழித்து ஒரு பிக்கு எழுதியது. அவரே எல்லாளன் நீதி தவறாதவன் என்று எழுதியிருக்கிறார். துட்டகைமுனுவின் பெரிய வீரன் நந்திமித்திரனுடைய மாமன் எல்லாளனிடம் சேனாபதியாக இருந்தான் என்றும் அதிலேயே இருக்கிறது. துட்டகைமுனு தன் சொந்தத் தம்பியோடு பட்டத்துக்காகச் சண்டை போட்டதும் அதிலேயே இருக்கிறது. இவற்றையெல்லாம் உதிர்த்துவிட்டு மேடையில் பேசினார்கள். 19-வது நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறிப் போன ஜனங்களுக்கும் எல்லாளனுக்கும் என்ன உறவு? ஆனாலும் 1948ல் குடியுரிமை போய், 1964ல் இரண்டு சர்க்கார்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தலையை எண்ணிப் பங்கு போட்டபோது, அந்தப் பழைய பகைக் கதையும் சேர்ந்துதான் நின்றது.

இங்கேயும் அப்படியே. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டிய வாய், பக்கத்துக் கடைக்காரருடைய முப்பாட்டன் எந்த ராஜாவுக்குச் சொந்தம் என்று விசாரித்துக்கொண்டிருந்தால், விலையை நிர்ணயிக்கிறவனுக்கு அதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்?

இப்போது ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "கொடுமை செய்த ராஜாவைக் கொடியவன் என்று சொல்லவே கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். தாராளமாகச் சொல்லலாம். எந்த வருஷம், எந்த ஊரில், யாரை, என்ன செய்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள்; அதே காரியத்தை நம் பக்கத்து ராஜா செய்ததையும் அதே குரலில் சொல்லுங்கள். பழியை அவன்மேல் போடுங்கள். மஞ்சூர்க் கடைத்தெருவில் துணி விற்கிறவர்மேல் போடாதீர்கள்.

இன்னொருவர், "1603ல் பாதிரியார் வந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்காக அவரைப் பாராட்டுகிறேன். தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் என்பவர் 1906ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதன் கடைசியில் அந்தப் பாதிரியாரின் கடிதத்தை மொழிபெயர்த்து அச்சுப் போட்டிருக்கிறார். சந்தேகமுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.